ஃபோகஸைத் திருப்பினால் ஃப்ரேம் ஏன் மாறுகிறது? லென்ஸின் குணங்களை அறிய ஒரு வழிகாட்டி

கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்துங்கள். ஜூமைத் தொடாதீர்கள். ஃபோகஸ் வளையத்தை மட்டும் தொலைவிலிருந்து அண்மைக்கு மெதுவாகத் திருப்புங்கள். திருப்பும்போது திரையின் நடுவை விட்டுவிட்டு ஓரங்களைக் கவனியுங்கள். ஓரத்தில் பாதி தெரிந்துகொண்டிருந்த ஜன்னல் சட்டம் மெல்ல வெளியே நழுவும். சில லென்ஸ்களில் தலைகீழாக, வெளியே இருந்தது உள்ளே வரும். ஜூம் செய்யாமலே ஜூம் செய்ததுபோல் ஓர் அசைவு. ஃபோகஸ் தூரம் மாறும்போது லென்ஸின் பார்வைக் கோணமும் கூடவே மாறும் இந்தக் குணத்துக்குத்தான் ஃபோகஸ் ப்ரீதிங் என்று பெயர்.

லென்ஸ் பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஏறக்குறைய எல்லா லென்ஸ்களிலும் இது கொஞ்சமாவது உண்டு. புகைப்படம் மட்டும் எடுப்பவர் பல வருடம் இதைக் கவனிக்காமலே இருந்துவிடலாம், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வீடியோ எடுப்பவர் கதை வேறு. பேசுகிறவரின் முகத்தில் ஃபோகஸ் சற்றே முன்னும் பின்னும் அலையும்போது பின்னணி முழுவதும் உள்ளே வெளியே போய்வந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும்.

விமர்சனங்களில் 'ப்ரீதிங் அதிகம்' என்று கேட்டுவிட்டு, நிழற்படம் மட்டுமே எடுக்கிற ஒருவர் நல்ல லென்ஸை ஒதுக்குவது வீண். கூர்மையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, முதல் பேட்டிப் படப்பிடிப்பில் விழிப்பதும் அதே அளவு வீண். எந்தக் குணம் நம் வேலையில் குறுக்கே வரும், எது வராது என்று தெரிந்தால் போதும். அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. முக்காலி, வெள்ளைச் சுவர், புத்தக அலமாரி, அடிக்கோல் இருந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

காரணம் எங்கே இருக்கிறது

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் 50 மி.மீ., 85 மி.மீ. என்ற குவியத் தூரம், அந்த லென்ஸ் முடிவிலியில் ஃபோகஸ் ஆகியிருக்கும்போது உள்ள அளவு. அருகில் இருக்கும் பொருளுக்கு வரும்போது உள்ளே இரண்டில் ஒன்று நடக்கும்.

பழைய பாணி பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்களில் கண்ணாடிகள் எல்லாம் ஒரே கட்டாக முன்னால் நகரும். குவியத் தூரம் மாறாது. ஆனால் கண்ணாடிக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடுகிறது, பிம்பம் பெரிதாகிறது. சென்சாரின் அளவு அதேதான் என்பதால் அதில் அடங்கும் காட்சி குறுகிவிடும். கேனானின் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸை எடுத்துக்கொள்வோம். அது மிக அருகே ஃபோகஸ் செய்யும் தூரம் 35 செ.மீ., அங்கே உருப்பெருக்கம் 0.21, அதாவது சென்சாரில் விழும் பிம்பம் பொருளின் அளவில் 0.21 மடங்கு. கணக்குப் போட்டால், பிம்பம் விழும் தூரம் 50 மி.மீ.-இலிருந்து ஏறத்தாழ 61 மி.மீ. ஆகிறது. முழு ஃப்ரேம் சென்சாரில் கிடைமட்டக் கோணம் 40 டிகிரி இருந்தது 33 டிகிரியாகச் சுருங்கிவிடும்.

இப்போது வரும் பெரும்பாலான ஜூம்களிலும் பல பிரைம்களிலும் அமைப்பு வேறு. லென்ஸ் நீளாது. உள்ளே ஒரு சிறிய கண்ணாடித் தொகுதி மட்டும் நகரும். எடை குறைவு என்பதால் ஆட்டோஃபோகஸ் வேகமாக நடக்கும், முன்பக்கமும் சுழலாது. ஆனால் அந்தத் தொகுதி நகரும்போது லென்ஸின் குவியத் தூரமே மாறுகிறது, பெரும்பாலும் குறைகிறது. விளைவு, அருகில் ஃபோகஸ் செய்யச் செய்யக் காட்சி விரியும். 200 மி.மீ. என்று வாங்கிய ஜூம், ஒன்றரை மீட்டரில் இருக்கும் முகத்துக்கு 200 போல நடந்துகொள்ளாது.

ஆக, ஒரு பக்கம் இடைவெளி கூடுவது காட்சியைக் குறுக்குகிறது, மறுபக்கம் குவியத் தூரம் குறைவது காட்சியை விரிக்கிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று சரியாக ஈடுகட்டும்படி வடிவமைத்தால் ப்ரீதிங் கிட்டத்தட்ட இல்லாத லென்ஸ் கிடைக்கும். சினிமாவுக்கென்று செய்யப்படும் லென்ஸ்கள் பலவற்றில் இதைத்தான் செய்கிறார்கள். கண்ணாடிகள் கூடுகின்றன, எடை கூடுகிறது, விலையும் அப்படியே.

உங்கள் லென்ஸ் எந்தப் பக்கம் மாறுகிறது என்பதைக் கவனித்தாலே அதன் உள்ளமைப்பு ஓரளவு புரிந்துவிடும். அருகே வரும்போது காட்சி குறுகினால் பெரும்பாலும் முழுக்கட்டாக நகர்கிற வகை, விரிந்தால் உள்தொகுதி நகர்கிற வகை.

வாங்கும் முன்பே ஊகிக்க ஒரு கணக்கு

லென்ஸை கையில் எடுக்காமலே, தயாரிப்பாளர் தரும் விவரப் பட்டியலில் இருக்கும் இரண்டு எண்களை வைத்து ப்ரீதிங்கை உத்தேசமாக அறியலாம். மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம், மிக அதிக உருப்பெருக்கம். இந்த இரண்டும் எல்லாப் பட்டியலிலும் இருக்கும்.

1. குறைந்த ஃபோகஸ் தூரத்தை மி.மீ.-இல் எழுதுங்கள். 1.4 மீட்டர் என்றால் 1400.
2. 1-ஐ உருப்பெருக்கத்தால் வகுங்கள். அதோடு உருப்பெருக்கத்தையும் 2-ஐயும் கூட்டுங்கள்.
3. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வருவது, மிக அருகில் அந்த லென்ஸின் உண்மையான குவியத் தூரம்.
4. அதை (1 + உருப்பெருக்கம்) என்பதால் பெருக்குங்கள். வரும் விடையை லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

நிக்கான் 2009-இல் வெளியிட்ட 70-200 மி.மீ. எஃப்/2.8 விஆர் இரண்டாம் பதிப்பைப் பார்ப்போம். குறைந்த தூரம் 1.4 மீட்டர், உருப்பெருக்கம் 0.12. இரண்டாம் படியில் 8.33 + 0.12 + 2 = 10.45. 1400-ஐ இதனால் வகுத்தால் 134. அருகில் இந்த லென்ஸ் 135 மி.மீ. ஆகிவிடுகிறது என்று பயன்படுத்தியவர்கள் சொன்னது இதைத்தான். 134-ஐ 1.12-ஆல் பெருக்கினால் 150. அதாவது 200-க்குரிய கோணம் 150-க்குரியதாக விரிந்துவிட்டது.

அதே நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த அடுத்த பதிப்பில் குறைந்த தூரம் 1.1 மீட்டர், உருப்பெருக்கம் 0.21. அதே கணக்கைப் போட்டால் 158, பிறகு 191. 200-க்கும் 191-க்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்கும் கீழே. இரண்டு லென்ஸும் பெயரில் ஒன்றே, எண்கள் ஒன்றே. அருகே வரும்போது நடத்தை மட்டும் வேறு.

இது ஒற்றைக் கண்ணாடி என்று வைத்துப் போடும் கணக்கு. உண்மையான லென்ஸில் பத்து, பதினைந்து, இருபது கண்ணாடிகள் இருக்கும், அதனால் அச்சொட்டாக வராது. இரண்டு லென்ஸ்களில் எது மேல் என்று பார்க்க உதவும், அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம். அகலக் கோண லென்ஸ்களில் இன்னும் தள்ளிப்போகும். சரி, லென்ஸ் கையில் இருந்தால் கணக்கே வேண்டாம், நேராகச் சோதித்துவிடலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க

1. முக்காலியில் கேமராவை நிறுத்துங்கள். பட நடுக்கத் தடுப்பை கேமராவிலும் லென்ஸிலும் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ஃப்ரேம் தானாகவே சில பிக்சல் நகரும், உங்கள் அளவு பொய்யாகிவிடும்.
2. ப்ரீதிங் சரிசெய்யும் வசதி கேமராவில் இருந்தால் அதையும் அணையுங்கள். லென்ஸின் இயல்பைத்தான் பார்க்கப்போகிறோம்.
3. சில மீட்டர் தள்ளி, ஃப்ரேமின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று தெளிவான செங்குத்துக் கோடுகள் வரும்படி அமையுங்கள். புத்தக அலமாரி இதற்கு மிக நன்று.
4. அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப்/11 அல்லது எஃப்/16-இல் வையுங்கள். எஃப்/1.8-இல் வைத்தால் ஃபோகஸ் விலகியதும் கோடுகள் கரைந்துபோய் அளக்கவே முடியாது.
5. மேனுவல் ஃபோகஸுக்கு மாறுங்கள். முடிவிலியில் வைத்து ஒரு படம். எதையும் அசைக்காமல், மிக அருகே வைத்து இன்னொரு படம். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் 2 நொடி டைமரில் எடுங்கள்.
6. இரண்டு படத்திலும் அதே இரண்டு கோடுகளுக்கு இடையே எத்தனை பிக்சல் என்று அளவெடுங்கள். முடிவிலிப் படத்தில் 4000, அருகாமைப் படத்தில் 4320 என்றால் மாற்றம் 8 சதவீதம்.

அருகில் ஃபோகஸ் செய்த படத்தில் கோடு ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டால் இன்னும் உள்ளே இருக்கிற கோட்டைத் தேர்ந்தெடுங்கள்.

என் கணக்கில், 2-3 சதவீதம் வரை இருந்தால் மறந்துவிடலாம். 5 சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்கிற கண்ணுக்குத் தெரியும். 10-க்கு மேல் போனால் ஃபோகஸை ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு மாற்றும் ஷாட்டில் எவருக்கும் தெரியும். ஜூம் லென்ஸ் என்றால் இரண்டு முனைகளிலும் நடுவிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரு முனையில் அடக்கமாக இருக்கும் லென்ஸ் மறுமுனையில் தாவிக் குதிப்பதுண்டு. இந்தச் சதவீதம் சென்சார் அளவைப் பொறுத்து மாறாது. அதே லென்ஸை சிறிய சென்சார் கேமராவில் போட்டாலும் அதே 8 சதவீதம்தான்.

படமாக எடுத்து அளந்த பிறகு, அதே அமைப்பில் அபர்ச்சரை முழுவதும் திறந்து, வளையத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு வீடியோவும் எடுங்கள். புதியவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. அபர்ச்சர் திறந்திருக்கும்போது ஃபோகஸ் விலகினால், பின்னணியில் இருக்கும் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் வட்டமாகப் பெருக்கும். அந்த வட்டங்கள் பெருப்பதைப் பார்த்து, காட்சியே பெரிதாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம். அது மங்கல், ப்ரீதிங் அல்ல. பிரித்தறிய ஒரே வழி வட்டங்களின் மையத்தைப் பார்ப்பது. மையங்கள் இருந்த இடத்திலேயே இருந்து வட்டம் மட்டும் பெருத்தால் வெறும் மங்கல். மையங்களே ஃப்ரேமின் நடுவிலிருந்து வெளியே விலகினால், அல்லது நடுவை நோக்கி வந்தால், அதுதான் ப்ரீதிங்.

வீடியோவில் சமாளிப்பது

முதலில் பார்க்க வேண்டியது ஆட்டோஃபோகஸ் அமைப்பு. நடைமுறையில் ப்ரீதிங் உறுத்துவது திட்டமிட்டு ஃபோகஸ் மாற்றும் ஷாட்டுகளைவிட, கேமரா தானாகத் தேடி அலையும் ஷாட்டுகளில்தான். ஆட்டோஃபோகஸ் நகரும் வேகத்தையும், புதிய பொருளுக்குத் தாவும் உணர்திறனையும் மெனுவில் குறைத்து வையுங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுபவரை எடுக்கிறீர்கள் என்றால் கண்ணில் ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடலாம். அபர்ச்சரை எஃப்/4 பக்கம் வைத்தால் அவர் சற்று முன்னால் சாய்ந்தாலும் தாங்கும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, கேமராவில் இருக்கும் ப்ரீதிங் ஈடுசெய்யும் வசதி. சோனி 2021-இல் அறிவித்த ஏ7 மார்க் 4 கேமராவில் இதைக் கொண்டுவந்தது, பிறகு மற்ற நிறுவனங்களும் கொண்டுவந்தன. லென்ஸ் எந்த ஃபோகஸ் தூரத்தில் எவ்வளவு கோணம் காட்டும் என்ற தகவல் கேமராவுக்குத் தெரியும். அதில் மிகக் குறுகிய கோணத்தை அளவாக வைத்துக்கொண்டு, மற்ற தூரங்களில் காட்சியை அதே அளவுக்கு வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும். அதனால் வசதியை இயக்கியதும் ஃப்ரேம் கொஞ்சம் இறுகும். ப்ரீதிங் அதிகமுள்ள லென்ஸில் அதிகம் இறுகும். தகவல் தரும் லென்ஸ்களுக்கு மட்டுமே இது வேலை செய்யும். பழைய மேனுவல் லென்ஸை அடாப்டரில் மாட்டினால் எதிர்பார்க்க முடியாது. ஷாட் அமைத்த பிறகு இயக்காதீர்கள், முதலிலேயே இயக்கிவிட்டு அமையுங்கள்.

வசதி இல்லாத கேமராவா? எடிட்டிங்கில் ஃபோகஸ் மாறத் தொடங்கும் இடத்தில் 100 சதவீதம், முடியும் இடத்தில் சோதனையில் கிடைத்த சதவீதத்துக்கு ஈடான அளவு என்று இரண்டு கீஃப்ரேம் (அந்த இடத்தில் படம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற குறி) போட்டுவிடலாம். தொலைவிலிருந்து அருகே ஃபோகஸ் வரும் ஷாட்டில், காட்சி விரிகிற லென்ஸுக்கு முடிவில் பெரிதாக்க வேண்டும், குறுகுகிற லென்ஸுக்கு தொடக்கத்தில். 4கே-வில் எடுத்து 1080-இல் வெளியிடுபவர்களுக்கு இதனால் தரம் குறைவது தெரியாது.

இதெல்லாம் செய்யாமலும் தப்பிக்க வழியுண்டு. கேமரா அசைந்துகொண்டிருக்கும்போது ப்ரீதிங் கண்ணில் படாது. மெல்ல முன்னேறும் ஷாட்டில் ஃபோகஸை மாற்றுங்கள். அல்லது ஃபோகஸ் மாற வேண்டிய தூரத்தைக் குறையுங்கள். அரை மீட்டரிலிருந்து முடிவிலிக்குப் போவதற்குப் பதில் இரண்டு மீட்டரிலிருந்து ஐந்து மீட்டருக்குப் போனால் மாற்றம் மிகச் சிறியது, ஏனென்றால் ப்ரீதிங்கின் பெரும்பகுதி மிக அருகாமையில்தான் நடக்கிறது.

ப்ரீதிங்கை ரசித்துப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிவுசெய்யும் அனமார்ஃபிக் லென்ஸ் பலவற்றில் ஃபோகஸ் மாறும்போது பின்னணி செங்குத்தாக நீண்டு குறுகும், ஏனென்றால் கிடைமட்டமும் செங்குத்தும் ஒரே அளவில் மாறுவதில்லை. அந்தத் தோற்றத்துக்காகவே அவற்றைத் தேடி எடுக்கிறார்கள்.

நிழற்படத்தில் எங்கே குறுக்கே வரும்

இரண்டு மூன்று இடங்கள்தான். ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்யும்போது, அதாவது ஃபோகஸை முன்னிருந்து பின்னுக்கு நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக்கும்போது, ஒவ்வொரு படமும் சற்று வேறு அளவில் இருக்கும். மென்பொருள் அதை ஒத்துவைத்துவிடும், ஆனால் ஓரங்களை வெட்டித்தான் ஒத்துவைக்கும். ஆகவே பொருளைச் சுற்றி நிறைய இடம் விட்டு எடுங்கள். பூச்சியின் கொம்பு ஃப்ரேம் ஓரத்தைத் தொட்டபடி எடுத்தால் முடிவில் கொம்பு இருக்காது.

டெலி ஜூமில் நெருக்கமான முகப் படம் எடுப்பவர், பின்னணி எதிர்பார்த்த அளவு கரையவில்லையே என்று யோசிப்பார். மேலே பார்த்த 150 மி.மீ. கதைதான் அது.

மேக்ரோவில் இன்னொரு விளைவும் சேர்ந்துகொள்கிறது. முழுக்கட்டாக நகரும் லென்ஸ் பொருளை நிஜ அளவிலேயே சென்சாரில் விழவைக்கும்போது பிம்பத் தூரம் இரட்டிப்பாகும், வெளிச்சம் இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி, ஆக நான்கில் ஒரு பங்கு). நிக்கான் கேமராக்கள் தம் மேக்ரோ லென்ஸ்களுடன் இந்தக் குறைவைக் கணக்கில் எடுத்தே அபர்ச்சர் எண்ணைக் காட்டும். எஃப்/2.8 லென்ஸ் அருகே போனதும் எஃப்/4.8 என்று காட்டினால் பதற வேண்டாம்.

ஜூம் செய்தால் ஃபோகஸ் நிற்குமா?

ப்ரீதிங்கின் மறுபக்கம் இது. ஜூம் மாறினாலும் ஃபோகஸ் நகராத லென்ஸை பார்ஃபோகல் என்பார்கள். புகைப்பட ஜூம்களில் பெரும்பாலானவை அப்படி இல்லை. சோதிக்க எளிது. ஜூமை முழுவதும் நீட்டி, அபர்ச்சரைத் திறந்து, எழுத்து அச்சிட்ட தாள் ஒன்றில் மேனுவலாக ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஃபோகஸைத் தொடாமல் ஜூமைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு இடத்திலும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து மங்கினால் வீடியோவில் ஓடும்போதே ஜூம் செய்வதை நம்பக் கூடாது. முதலில் ஜூம், அப்புறம் ஃபோகஸ் என்ற வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்.

மேனுவல் ஃபோகஸ் வளையத்தையும் இதே நேரத்தில் பார்த்துவிடலாம். இப்போதைய மிரர்லெஸ் கேமரா (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத கேமரா) லென்ஸ்கள் பலவற்றில் வளையம் கண்ணாடியை நேராக நகர்த்துவதில்லை, மோட்டாருக்கு உத்தரவு மட்டும் தருகிறது. வேகமாகத் திருப்பினால் அதிகம் நகரும், மெதுவாகத் திருப்பினால் கொஞ்சம் நகரும். இதில் தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் குறித்துவைத்து ஃபோகஸ் மாற்றுவது நடக்காத காரியம். சில கேமராக்களில் மெனுவுக்குள் 'லீனியர்' என்ற அமைப்பு இருக்கும். அதற்கு மாற்றினால் வளையம் எப்போதும் ஒரே அளவில் நகரும். இந்த ஒரு மாற்றத்தை வீடியோ எடுப்பவர்கள் பெட்டியைப் பிரித்த அன்றே செய்துவிடலாம்.

எஃப் எண்ணும் டி எண்ணும்

எஃப் எண் என்பது வெறும் அளவுக் கணக்கு: குவியத் தூரத்தை, முன்னிருந்து தெரியும் துளையின் விட்டத்தால் வகுத்தது. உள்ளே நுழைந்த வெளிச்சத்தில் எவ்வளவு சென்சாருக்கு வந்துசேர்ந்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது டி எண். சாதாரண லென்ஸ்களில் இரண்டுக்கும் இடைவெளி சிறியது. சோனியின் 100 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎஃப் லென்ஸில் மட்டும் பாருங்கள், டி எண் 5.6. இரண்டு ஸ்டாப் காணாமல் போகிறது! மங்கலான வட்டங்களின் ஓரம் மென்மையாகக் கரைவதற்காக, ஓரம் நோக்கிப் போகப்போகக் கருமை கூடும் ஒரு கண்ணாடியை உள்ளே வைத்திருக்கிறார்கள். சாதாரண லென்ஸ்களில் பின்னணி மங்கலின் அளவு எஃப் எண்ணைப் பின்பற்றும், வெளிச்சம் டி எண்ணைப் பின்பற்றும். ஒரே காட்சியை இரண்டு மூன்று கேமராவில் எடுப்பவர்களுக்கு டி எண் முக்கியம். மற்றவர்களுக்கு கேமராவின் அளவுமானியே பார்த்துக்கொள்ளும்.

ஓர் அடிக்கோலில் இரண்டு சோதனை

பெரிய அபர்ச்சர் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அடிக்கோலை மேசையில் வைத்து, கேமரா அதைச் சுமார் 45 டிகிரி சாய்வில் பார்க்கும்படி அமையுங்கள். அபர்ச்சரை முழுவதும் திறந்து நடுவில் ஒரு கோட்டில், 15 செ.மீ. கோடு என்று வையுங்கள், ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஃபோகஸைத் தொடாமல் எஃப்/1.4, 2, 2.8, 4 என்று வரிசையாக எடுங்கள்.

கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, மிகக் கூர்மையான இடம் 15-இலேயே நிற்கிறதா, அல்லது அபர்ச்சர் குறையக் குறைய 16-ஐ நோக்கி நழுவுகிறதா? நழுவினால் அதற்கு ஃபோகஸ் ஷிஃப்ட் என்று பெயர். கண்ணாடியின் ஓரம் வழியாக வரும் ஒளியும் நடு வழியாக வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாததால் வருவது. இந்தக் குணமுள்ள லென்ஸில் எஃப்/2.8-இல் முகம் எடுக்கப்போகிறீர்கள் என்றால் எஃப்/2.8-இலேயே வைத்து ஃபோகஸ் செய்ய வேண்டும். திறந்த நிலையில் ஃபோகஸ் செய்து பிறகு மூடினால் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக வரும்.

அதே படங்களில், கூர்மையான இடத்துக்கு முன்னால் உள்ள கருப்புக் கோடுகளின் ஓரத்தில் ஊதா கலந்த சிவப்பும், பின்னால் உள்ளவற்றில் பச்சையும் தெரிகிறதா என்று பாருங்கள். இது நீளவாட்டு நிறப்பிறழ்வு. அபர்ச்சரை ஒன்றிரண்டு ஸ்டாப் மூடினால் குறையும். மென்பொருளில் நீக்குவது கடினம். இன்னொரு வகை நிறப்பிறழ்வு ஃப்ரேமின் மூலைகளில், வானத்தை ஒட்டிய கிளைகளில் வரும். அது அபர்ச்சரை மூடினாலும் போகாது, ஆனால் மென்பொருளில் ஒரே சொடுக்கில் போய்விடும். ஆகவே மூலை நிறத்துக்காக லென்ஸை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நகை, கருப்பு உடை, நீர்த்துளி போன்றவற்றை அருகில் எடுப்பவராக இருந்தால் முதல் வகையைப் பார்த்து வாங்குங்கள்.

மற்றவை, சுருக்கமாக

மூலைகள் இருள்வதை வெள்ளைச் சுவரில் பார்க்கலாம். ஃபோகஸை முடிவிலியில் வைத்து, சுவரின் தடங்கள் மங்கும்படி, திறந்த அபர்ச்சரில் ஒன்று, எஃப்/5.6-இல் ஒன்று எடுத்து அடுத்தடுத்துப் பாருங்கள். கேமராவின் தானியங்கித் திருத்தம் அணைந்திருக்க வேண்டும். திருத்தினால் போய்விடுமே என்று கேட்கலாம். போகும், ஆனால் மூலையை வெளிச்சமாக்கும்போது அங்கே இரைச்சலும் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்) கூடும். இரவில் நட்சத்திரம் எடுப்பவருக்கு இது பெரிய விஷயம், பகலில் தெருக்காட்சி எடுப்பவருக்கு ஒன்றுமில்லை.

கோடுகள் வளைவதைச் செங்கல் சுவரோ ஓடு பதித்த தரையோ காட்டிக்கொடுக்கும். கட்டடம் எடுப்பவர்கள் மட்டும் கவலைப்பட்டால் போதும்.

எதிர்வெளிச்சத்தில் மாறுபாடு வெளிறிப்போவதும், வண்ணப் புள்ளிகள் தோன்றுவதும் கண்ணாடியின் பூச்சைப் பொறுத்தவை. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். 10 கண்ணாடிகள், 20 பரப்புகள் என்றால் கடைசியில் வந்துசேர்வது 44 சதவீதம்தான். மீதியில் ஒரு பகுதி உள்ளுக்குள்ளேயே அலைந்து படத்தை வெளிறவைக்கும். 1935-இல் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சை உருவாக்கியிராவிட்டால் இன்றைய ஜூம் லென்ஸ்களை நினைத்தே பார்த்திருக்க முடியாது. சோதிப்பதற்கு, ஒரு விளக்கை ஃப்ரேமுக்குச் சற்று வெளியே வைத்து, கேமராவை மெல்லத் திருப்பி விளக்கை உள்ளே கொண்டுவாருங்கள். எந்தக் கோணத்தில் படம் வெளிறுகிறது என்று நினைவில் வைத்தால், வெயிலில் அந்தக் கோணத்தைத் தவிர்க்கலாம். லென்ஸ் ஹூடை மாட்டிக்கொள்ளுங்கள். அதைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டே படம் எடுப்பதால் ஒரு பயனும் இல்லை.

பொக்கே, அதாவது மங்கலின் தோற்றம், பார்க்க இரவில் தூரத்து விளக்குகளை மங்கலாக்கி எடுங்கள். நடுவில் வட்டமாகவும் ஓரத்தில் எலுமிச்சை வடிவிலும் வந்தால் லென்ஸ் குழாய் ஓர ஒளியை வெட்டுகிறது என்று பொருள். வட்டத்துக்குள் வெங்காயம் நறுக்கியதுபோல் வளையங்கள் தெரிந்தால் அச்சில் வார்த்த ஆஸ்ஃபெரிக்கல் (கோள வடிவில் வளையாத) கண்ணாடியின் தடம். பிடிக்கிறதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். அதே விளக்கில் எஃப்/16 வைத்தால் நட்சத்திரக் கதிர்கள் வரும். அபர்ச்சர் இதழ்கள் 8 என்றால் 8 கதிர், 9 என்றால் 18 கதிர்: இரட்டைப்படையில் கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும், ஒற்றைப்படையில் விழாது. எஃப்/16-க்கு மேல் போகும்போது துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் சற்று மென்மையாகும் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இதுவரை சொன்னவை அந்த மாதிரி லென்ஸ் அனைத்துக்கும் பொதுவானவை. கண்ணாடி ஒன்று மையம் விலகி அமைவது மட்டும் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு லென்ஸின் பழுது. மிகத் தொலைவில் இருக்கும் கட்டட வரிசையையோ மரக்கூட்டத்தையோ திறந்த அபர்ச்சரில், நடுவில் ஃபோகஸ் செய்து எடுங்கள். நான்கு மூலைகளையும் 100 சதவீதத்தில் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும், அல்லது ஒரு பக்கம் மட்டும் தெளிவாக மங்கியிருந்தால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே காட்சியை மறுபடி எடுங்கள். படத்தை நிமிர்த்திப் பார்க்கும்போது மங்கல் எதிர்ப்பக்கத்துக்குத் தாவியிருந்தால் பழுது லென்ஸிலோ அதன் பொருத்தத்திலோ இருக்கிறது. காட்சியில் அதே இடத்தில் நின்றால் அந்தப் பக்கம் இருந்த பொருள்தான் அருகில் இருந்திருக்கிறது. திருப்பிக்கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் இந்தப் படங்களை எடுத்து, பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றித்தரச் சொல்லிக் கேட்கும்போது வாயால் விளக்குவதைவிட அந்த நான்கு மூலைகளைக் காட்டுவது சுலபம்.